பதினோரு வருட இன்சுலின் பம்ப்: மோட்டாரை நம்புகிறேன், நுனியைத்தான் பார்க்கிறேன்

இடுப்பில் இன்சுலின் பம்ப் மாட்டி பதினோரு வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் குழாய் வைத்த பம்ப். அப்புறம் இரண்டு வருடம், குழாயே இல்லாமல் தோலில் நேராக ஒட்டிக்கொள்ளும் பேட்ச் பம்ப். கடைசி மூன்று வருடமாக, சென்சார் சொல்லும் சர்க்கரை அளவைப் பார்த்து மருந்தைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்ப். எந்தக் கம்பெனி நல்லது என்று இங்கே எழுதப் போவதில்லை. இவ்வளவு சின்னக் கருவி இவ்வளவு கொஞ்சம் மருந்தை எப்படி அளந்து தருகிறது, அந்த அளவு எங்கே தவறிப்போகிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். பம்ப் கைக்கு வந்த அன்று யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம். தெரியாமல் முதல் இரண்டு வருடம் நிறையப் பட்டேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஒரு யூனிட் என்றால் 10 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 மைக்ரோலிட்டர் இருக்கும், அதாவது இன்சுலினில் 5 யூனிட். சாப்பாடு இல்லாத நேரத்திலும் உடம்புக்குத் தேவைப்படும் அடிப்படை இன்சுலினைப் பேசல் என்பார்கள்; இரவில் எனக்குப் போகும் பேசல் அளவு மணிக்கு 0.6 யூனிட். கணக்குப் போட்டால், ஒரே ஒரு சொட்டு எனக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அந்தச் சொட்டைப் பம்ப் நூறாகப் பிரித்து, ஒரு தடவைக்கு 0.05 யூனிட் என்று உள்ளே தள்ளுகிறது.

தள்ளும் முறை எளிமையானது. சின்ன மோட்டார் பல்சக்கரங்களைச் சுற்றுகிறது, சக்கரம் ஒரு திருகைச் சுற்றுகிறது, திருகு முன்னே நகர்ந்து, மருந்து நிரப்பிய கார்ட்ரிட்ஜின் ரப்பர் தக்கையைத் தள்ளுகிறது. ஊசி சிரிஞ்சை விரலால் அழுத்துகிறோமே, அதே வேலைதான். ஆனால் கார்ட்ரிட்ஜின் உள்வாய் ஒரு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.05 யூனிட்டுக்குத் தக்கை நகர வேண்டிய தூரம் 5 மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் தடிமன். இதை இரவு பகலாக, நான் நடக்கும்போதும் புரண்டு படுக்கும்போதும் செய்கிறது. 1960களின் தொடக்கத்தில் அர்னால்ட் கடிஷ் என்ற அமெரிக்க மருத்துவர் செய்து பார்த்த இன்சுலின் பம்ப் முதுகில் சுமக்கும் மூட்டை அளவு இருந்தது. 1978-இல் லண்டனில் ஜான் பிக்கப், ஹாரி கீன் குழுவினர், சின்ன பம்ப் ஒன்றால் தோலுக்கடியில் தொடர்ந்து இன்சுலின் கொடுக்க முடியும் என்று காட்டினார்கள். இன்று அது என் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. அந்த மனிதர்களை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

சரி, தவறும் இடத்துக்கு வருகிறேன்.

பம்ப் மாட்டிய முதல் வருடம். ஒரு நாள் இரவு மூன்று மணிக்குத் தொண்டை வறண்டு விழித்தேன். சர்க்கரை 342. பம்ப் திரையைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. பேசல் போயிருக்கிறது, இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய 6 யூனிட் போயிருக்கிறது, ஒரு அலாரமும் இல்லை. திரையை நம்பி இன்னும் 3 யூனிட் கொடுத்துவிட்டுப் படுத்தேன். நாலரைக்கு எழுந்தால் 371, வாந்தி வருவதுபோல் இருந்தது, கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறியிருந்தது. அப்போதுதான் வயிற்றில் ஒட்டியிருந்த செட்டை, அதாவது பம்பின் மருந்தைத் தோலுக்குள் கொண்டுபோகும் குழாயும் பிளாஸ்டரும் சேர்ந்த பாகத்தை, பிய்த்தேன். அடியில் பிளாஸ்டர் ஈரம். இன்சுலினில் போடும் பீனால் வகைப் பதப்படுத்திகளின் மருத்துவமனை வாசனை குப்பென்று அடித்தது. தோலுக்குள் நேராக நிற்க வேண்டிய கேனுலா என்ற மெல்லிய டெஃப்லான் குழல், 6 மில்லிமீட்டர் நீளம்தான், தூண்டில் முள்போல மடங்கிக் கிடந்தது. மருந்து உள்ளே போகவே இல்லை. கேனுலாவை ஒட்டியே மேலே வழிந்து பிளாஸ்டரில் ஊறியிருக்கிறது. பேனா ஊசியால் இன்சுலின் போட்டு, புது செட் மாட்டி, சரியாக மதியம் ஆனது.

மறுநாள் சிகிச்சை மையத்தில் இருந்த நர்ஸ் அக்காவிடம், "அலாரம் ஏன் அடிக்கல?" என்று கேட்டேன். "அடைச்சாதான் அது கத்தும். கசிஞ்சா அதுக்கு எப்படித் தெரியும்? நம்பரைப் பார்த்துட்டே இருக்காதீங்க, குத்தின இடத்தைப் பாருங்க" என்றார். இந்தப் பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அந்த ஒரு பதில்தான். "6 யூனிட் கொடுத்தாயிற்று" என்று திரை சொல்வது, மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்ற கணக்கு. மருந்து உடம்புக்குள் போனதா என்று அது அளப்பதில்லை. அடைப்பை மட்டும், தக்கையைத் தள்ளத் தேவைப்படும் விசை கூடுகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கிறது. கசிவில் விசை கூடாது. அதனால் பம்புக்கு எல்லாம் நன்றாக நடப்பதாகவே படும்.

முதல் பம்புக்கு வாரண்டி முடிந்து மாற்றியபோது பழையதை வைத்துக்கொண்டேன். அதில் மருந்துக்குப் பதில் நிறம் கலந்த தண்ணீர் நிரப்பி ஒரு சோதனை செய்தேன். பம்ப் வைத்திருப்பவர்கள் பழைய பம்பில் இதைச் செய்து பார்க்கலாம், உடம்பில் மாட்டியிருப்பதில் வேண்டாம். குழாயை ஒரு ஸ்கேல் மேல் நேராக ஒட்டி, நிறத்தண்ணீர் பாதியில் நிற்கும்படி வைத்தேன். என் குழாயில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நீளம். 0.1 யூனிட் கொடுத்தால் நிறத்தின் விளிம்பு 5 மில்லிமீட்டர் நகர வேண்டும். மைக்ரோலிட்டர் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம்.

புதிதாக கார்ட்ரிட்ஜ் மாட்டியதும் முதல் 0.1-க்கு விளிம்பு அசையவே இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்குச் சட்டென்று ஒரு சென்டிமீட்டர் தாவியது. பல்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் ஆட்டம் ஒரு காரணம். ரப்பர் தக்கை சுவரில் ஒட்டிக்கொண்டு, விசை சேர்ந்ததும் பிடி விட்டு நகர்வது இன்னொரு காரணம். தக்கை வழுக்க வேண்டும் என்றுதான் உள்ளே சிலிக்கோன் எண்ணெய் தடவுகிறார்கள். ஏழெட்டு முறை கொடுத்த பிறகு, ஒவ்வொரு 0.1-க்கும் ஐந்து ஐந்து மில்லிமீட்டராக, ரூல் போட்டதுபோல் நகர ஆரம்பித்தது. அன்றிலிருந்து செட் மாற்றும்போது, குழாய் நுனியில் சொட்டு தெரிந்ததும் நிறுத்தாமல் இன்னும் இரண்டு சொட்டு விழ விடுகிறேன். அது வீண் இல்லை.

அப்புறம் குழாயை மடக்கி, கிளிப் போட்டு இறுக்கினேன். மணிக்கு 0.6 யூனிட்டில் ஓடவிட்டு அடைப்பு அலாரத்துக்குக் காத்திருந்தேன். மூன்றரை மணி நேரம்! அதுவரை மோட்டார் தள்ளிய இரண்டு யூனிட்டும், நசுங்கிய ரப்பரிலும் விரிந்த குழாயிலும் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. கிளிப்பை எடுத்ததும் நிறத்தண்ணீர் ஒரே பாய்ச்சலில் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் ஓடியது. உடம்பில் மாட்டியிருந்தால் அந்த இரண்டு யூனிட்டும் மொத்தமாக உள்ளே போயிருக்கும், தூக்கத்தில் சர்க்கரை இறங்கி லோ வந்திருக்கும். அதனால் அடைப்பு அலாரம் வந்தால் முதலில் குழாயை உடம்பிலிருந்து கழற்றுங்கள், பிறகு மடிப்பைத் தேடுங்கள். பேசல் குறைவாக உள்ள சின்னக் குழந்தைகளுக்கு அலாரம் இன்னும் தாமதமாகும். பெற்றோர் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

துல்லியம் பற்றிக் கையேட்டில் 5 சதவீதம் கூடவோ குறையவோ என்று போட்டிருக்கும். அது பொய்யில்லை. ஆய்வகத்தில் பம்பின் நுனியைத் துல்லியத் தராசில் உள்ள குப்பியில் விட்டு, ஆவியாகாமல் மேலே எண்ணெய்ப் படலம் வைத்து, எடையைக் குறித்துக்கொண்டே போவார்கள். ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீர் ஒரு மில்லிகிராம் என்பதால் எடையே அளவாகிவிடும். ஐஇசி 60601-2-24 என்ற தரவிதி இந்தச் சோதனையைச் சொல்கிறது. அதில் வரும் வரைபடத்துக்கு டிரம்பெட் வளைவு என்று பெயர். சில நிமிடங்களுக்கு மட்டும் பார்த்தால் பிழை அகலமாகவும், நேரம் நீள நீளக் குறுகியும் ஊதுகுழல் வடிவில் இருக்கும். ஒரு நாள் கணக்கில் சரியாக இருக்கும் பம்ப், பத்து நிமிடக் கணக்கில் அவ்வளவு சரியாக இருக்காது. இன்சுலினுக்கு இது பெரிய குறையில்லை, தோலுக்கடியில் தங்கி மணிக்கணக்கில் வேலை செய்வதால் சின்ன மேடு பள்ளம் சமமாகிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோர்அட்ரினலின் கொடுக்கும் பம்புக்கு அப்படி இல்லை. அந்த மருந்து ரத்தத்தில் சில நிமிடம்தான் நிற்கும், பம்ப் கொஞ்ச நேரம் திக்கினாலும் ரத்த அழுத்தம் இறங்கிவிடும்.

குழாய்க்குள் வரும் காற்றுக் குமிழி தனிக் கதை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினை அப்படியே நிரப்பினால், உடம்புச் சூட்டில் அதில் கரைந்திருந்த காற்று பிரிந்து வரும். காற்று உள்ளே போவது ஆபத்தில்லை, அது போகும் நேரத்தில் மருந்து போகவில்லை என்பதுதான் பிரச்சினை. குழாயில் ஒரு அங்குலக் காற்று எனக்கு அரை யூனிட், கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பேசல். மருந்தை வெளியில் வைத்துக் குளிர் விட்ட பிறகு நிரப்பினால் பாதித் தொல்லை தீரும். விமானம் மேலே ஏறும்போதும் இதே காற்றுதான் வேலையைக் காட்டும். கேபின் அழுத்தம் குறைய, குமிழிகள் பெருத்து மருந்தை முன்னே தள்ளும். நான் கிளம்பும்போது குழாயைக் கழற்றிவிட்டு, உயரத்துக்குப் போனதும் குமிழி பார்த்து மாட்டிக்கொள்கிறேன்.

பேட்ச் பம்பில் குழாய் இல்லாததால் இந்தக் கவலை ரொம்பக் குறைந்தது. நான் போட்டிருந்ததற்குள் மோட்டாருக்குப் பதில் நிட்டினால் கம்பி. நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம், மின்சாரம் பாய்ச்சினால் சூடாகிச் சுருங்கும், சுருங்கும்போது ஒரு சக்கரத்தின் பல்லை ஒரு படி இழுக்கும். ஒரு படி 0.05 யூனிட். அமைதியான இரவில் காதை வைத்தால் 'டிக்' என்று கேட்கும், எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கேனுலா எப்படி இருக்கிறது என்று சின்ன ஜன்னல் வழியாக எட்டிப்பார்ப்பதோடு சரி. சந்தேகம் வந்தால் மருந்தோடு முழு பேட்சையும் தூக்கிப் போட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை பேட்டரியும் மின்சுற்றும் சேர்ந்து குப்பைக்குப் போவதும் மனதை உறுத்தியது. அதனால்தான் குழாய்க்குத் திரும்பினேன்.

இப்போதைய பம்ப், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் சென்சார் அளவைப் பார்த்துத் தானே முடிவெடுக்கிறது. இரவுத் தூக்கம் திரும்பக் கிடைத்தது இதனால்தான், அதற்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும். கேனுலா பாதி மடங்கி, பாதி மருந்துதான் உள்ளே போகிறது என்றால், சர்க்கரை ஏறுவதைப் பார்த்து இந்த அல்காரிதம் இன்னும் ஊற்றும். பழுது மணிக்கணக்கில் மறைந்தே இருக்கும். தானாக ஓடும் பேசல் இரண்டு மணி நேரமாக உச்சத்தில் இருந்தும் சர்க்கரைக் கோடு இறங்கவில்லை என்றால், நான் அல்காரிதத்தைக் குறை சொல்வதில்லை, செட்டைக் கழற்றிப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் சரிசெய்யும் டோஸ் பேனாவில்தான். பம்ப் போடுபவர்கள் உடம்பில் நீண்ட நேர இன்சுலின் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. வரத்து நின்றால் சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறும்.

வெயில் காலத்தில் கார்ட்ரிட்ஜை மூன்று நாள் ஓட்டுவதில்லை. சூடும் குலுக்கலும் சேர்ந்தால் இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நுண்ணிய நாராகும், வீரியமும் போகும், கேனுலாவும் அடைபடும்.

இந்தக் கருவிகளை வடிவமைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். திருகை இன்னும் நுணுக்கமாக்குவதை விட, குழாயின் கடைசியில், தோலுக்கு ஒட்டினாற்போல், மருந்து ஓடுகிறதா என்று பார்க்கும் ஒரு உணரி வையுங்கள். சிப் அளவில் வெப்பத்தால் ஓட்டத்தை அளக்கும் உணரிகள் இருக்கத்தானே செய்கின்றன. செட்டோடு தூக்கிப் போடும் விலையில் அதைச் செய்வது கஷ்டம் என்று புரிகிறது. பிளாஸ்டர் அடியில் ஈரம் பட்டால் காட்டிக்கொடுக்கும் ஒரு வண்ணக் காகிதம் இருந்தாலே, அன்று நான் கீட்டோன் வரை போயிருக்க மாட்டேன்.

கழற்றிய ஒவ்வொரு செட்டையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன்: எந்த இடம், எத்தனை மணி நேரம், நுனி நேரா, வளைவா, மடிப்பா. மோட்டார் பழுது என்று அதில் ஒரே ஒரு வரி இருக்கிறது. 'மடிப்பு' என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, அதிலும் தொப்புளுக்கு இடப்பக்கம் குத்தியவை அதிகம். அங்கே பல வருடம் குத்திக் குத்தித் தோல் தடித்துவிட்டது. இப்போது அந்தப் பக்கத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் தொடையில் போடுகிறேன். நேற்று கழற்றியது 70 மணி நேரம், நுனி நேர்.