கையால் மறு எண்ணிக்கை: ஃபுளோரிடா, வாஷிங்டன், மின்னசோட்டா சட்டங்கள் எங்கே பிரிகின்றன?

வாக்குச்சீட்டைக் கையால் எண்ணுவது பெரிய வித்தை இல்லை. எந்தச் சீட்டை, எத்தனை நாளில், யார் செலவில் எண்ணுவது என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் இதை மாநிலச் சட்டங்களே தீர்மானிக்கின்றன.

ஃபுளோரிடாவில் வாக்கு வித்தியாசம் 0.5 சதவீதத்துக்குள் இருந்தால் எந்திர மறு எண்ணிக்கை, 0.25-க்குள் வந்தால்தான் கை. அதுவும் குறி பதியாதவை, கூடுதல் குறி விழுந்தவை என்று எந்திரம் ஒதுக்கிய சீட்டுகள் மட்டும். வேலை மிச்சம்தான். ஆனால் எந்திரம் தவறாகப் படித்து ஏற்றுக்கொண்ட சீட்டை யாரும் பார்ப்பதில்லை. கெடுவும் கறார். 2018 செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தலில் எந்திர மறு எண்ணிக்கைக்குக் கெடு நவம்பர் 15, பிற்பகல் 3 மணி. பாம் பீச் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பழைய எந்திரங்கள் சூடேறிப் படுத்துவிட்டன. பிரவர்ட் கவுண்டி எண்ணி முடித்தும் 2 நிமிடம் பிந்தி அனுப்பியது. இரண்டிலும் முதல் எண்ணிக்கையே நின்றது.

வாஷிங்டன் மாநிலத்தில், மறு எண்ணிக்கையைச் சட்டமே கட்டாயமாக்கும் வித்தியாச வரம்புக்கு வெளியே கை எண்ணிக்கை வேண்டுமென்றால், கேட்பவர் சீட்டுக்கு 25 சென்ட் முன்பணம் கட்ட வேண்டும். முடிவு மாறினால் பணம் திரும்பும். 2004 ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி சுமார் 7,30,000 டாலர் கட்டியது. 42 வாக்கில் பின்தங்கியிருந்த அக்கட்சி வேட்பாளர் கிறிஸ்டின் கிரெக்வார் 129 வாக்கில் வென்றார். கட்சிப் பலம் இல்லாத வேட்பாளருக்கு இந்தக் கதவு இருந்தும் இல்லாததுதான்.

மூன்றில் கை எண்ணிக்கைக்கு உண்மையாகவே இடம் கொடுப்பது மின்னசோட்டா. 2008 செனட் தேர்தலில் வித்தியாசம் 0.5 சதவீதத்துக்குக் கீழே போனதும் அரசுச் செலவில் சுமார் 29 லட்சம் சீட்டுகளும் கையால் எண்ணப்பட்டன (2013-இல் இந்த வரம்பு 0.25 ஆனது). குறி வட்டத்துக்கு வெளியே விழுந்தால் என்ன, அடித்துத் திருத்தினால் என்ன என்றெல்லாம் சட்டமே வரிசையாகச் சொல்கிறது. 2000 அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவில் 'வாக்காளரின் தெளிவான நோக்கம்' என்ற பொதுவரி மட்டும் இருந்ததால் கவுண்டிக்கு ஒரு அளவுகோல் ஆனது; உச்ச நீதிமன்றத்தில் எண்ணிக்கை சிக்கியது அங்கேதான்.

மின்னசோட்டாவிலும் தொல்லை உண்டு. கட்சி முகவர்கள் ஆட்சேபித்த சீட்டுகளே ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. பெரும்பாலானவை வீம்புக்கு, பிறகு திரும்பப் பெறப்பட்டவை. மீதியை ஐந்து பேர் குழு பொதுவில் வைத்துத் தீர்த்தபோது ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆல் ஃபிராங்கன் முன்னிலை 49. தவறாக நிராகரிக்கப்பட்ட அஞ்சல் வாக்குகளில் 933 உறைகளைப் பிரித்து எண்ணியதும் அது 225 ஆனது. முடிவை எதிர்த்த வழக்கு முடியும்வரை வெற்றிச் சான்றிதழ் கிடையாது என்பதால் செனட் இருக்கை 2009 ஜூலை வரை காலி.

அதிபர் தேர்தலுக்கு இந்த நிதானம் கட்டுப்படியாகாது. 2022 கூட்டரசுச் சட்டப்படி, தேர்வாளர்கள் (மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்களிப்பவர்கள்) கூடுவதற்கு 6 நாள் முன்பே மாநிலம் சான்றளிக்க வேண்டும். 2024-இல் வாக்குப்பதிவிலிருந்து அதற்குக் கிடைத்தவை 36 நாட்கள். மின்னசோட்டா 2008-இல் எண்ணி முடிக்க எடுத்தவை 62.