தானே கற்றவரா, சான்றிதழ் வாங்கியவரா?

டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைக்கு ஆள் தேடினால் வரும் விண்ணப்பங்களில் இரண்டு ரகம் அதிகம். ஒன்று, கோர்ஸ் முடித்து நாலைந்து சான்றிதழ்களை வரிசையாக அடுக்கியது. இன்னொன்று, "சுயமாகக் கற்றேன்" என்ற ஒரு வரியும், தானே நடத்தும் வலைத்தளத்தின் முகவரியும் மட்டும் இருப்பது. இரண்டு ரகத்தாரோடும் வேலை பார்த்திருக்கிறேன். நானே இரண்டாம் ரகம்தான். அதனால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸுக்கான சான்றிதழை, அதன் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் இலவசமாகவே வாங்கலாம், ஓராண்டுதான் செல்லும். அதை வைத்திருப்பவர் சொந்தப் பணத்தை விளம்பரத்தில் போட்டுப் பார்த்தவர் என்று அர்த்தமில்லை. ஆனால் படித்தவருக்கு அடித்தளம் ஒழுங்காக இருக்கும். குவாலிட்டி ஸ்கோர் என்றால் விளம்பரத் தரத்துக்கான மதிப்பெண், 1 முதல் 10 வரை, எதிர்பார்க்கப்படும் கிளிக் விகிதம் (பார்ப்பவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்வார்கள்), தேடலோடு விளம்பரத்துக்கு உள்ள பொருத்தம், லேண்டிங் பேஜ் (கிளிக் செய்தால் திறக்கும் பக்கம்) அனுபவம் ஆகிய மூன்றையும் வைத்துக் கணிக்கிறார்கள் என்று தடுமாறாமல் சொல்வார்.

தானே கற்றவருக்குப் பாடம் பெரும்பாலும் நஷ்டத்திலிருந்து வந்திருக்கும். தினசரி பட்ஜெட் ஒன்றை வைத்துவிட்டுத் தூங்கியவர், மறுநாள் அதைப்போல இரு மடங்கு செலவாகியிருப்பதைப் பார்த்துப் பதறியிருப்பார். அப்புறம்தான் விதி தெரியவரும்: ஒரு நாளில் இரு மடங்கு வரை போகலாம், ஆனால் மாதக் கணக்கில் தினசரி பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது. இதை அவர் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்.

நேர்காணலில் நான் கேள்விகளைக் குறைத்துக்கொண்டு, எந்தத் தேடல்களுக்கு விளம்பரம் வந்தது என்று காட்டும் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட் ஒன்றை முன்னால் வைப்பேன். ஓட்டப் பயிற்சிக்கான ஷூ விற்கும் விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் உண்மையில் தேடிய சொற்களில் "ஷூ அடிப்பாகம் ஒட்டுவது எப்படி", "ஷூ படம் வரைய" எல்லாம் இருக்கும். கோர்ஸ் படித்தவர் மொத்த கிளிக் விகிதத்தில் ஆரம்பிப்பார். தானே கற்றவரின் விரல் நேராக "ஒட்டுவது எப்படி"க்குப் போகும். "இதை நெகட்டிவ் கீவேர்டில் போடுங்கள், காசு இங்கேதான் ஒழுகுகிறது" என்பார், அதாவது அந்தத் தேடலுக்கு விளம்பரம் வராமல் தடுக்கச் சொல்வார். எல்லோரும் இப்படி இல்லை, ஆனால் பலமுறை பார்த்துவிட்டேன்.

சரி, தானே கற்றவர் சறுக்கும் இடம் அளவீடு. இதற்கு உதாரணம் நானே. ஒரு கிளையன்டின் படிவத்தை நிரப்பியதும் வரும் "நன்றி" பக்கத்தைத்தான் கன்வெர்ஷனாக, அதாவது விளம்பரத்தால் கிடைத்த பலனாக, வைத்திருந்தேன். எண்ணும் முறையில் "ஒன்று" (ஒரு கிளிக்குக்கு ஒருமுறை மட்டும்) என்று வைக்காமல் "ஒவ்வொன்றும்" என்று விட்டுவிட்டேன். ஆட்கள் பக்கத்தை மறுபடி திறக்கத் திறக்க எண்ணிக்கை ஏறியது, நானும் பெருமையாக ரிப்போர்ட் அனுப்பினேன். "இத்தனை பேர் எங்களை அழைக்கவே இல்லையே" என்று அவர்கள் கேட்டபோதுதான் விழித்தேன். முறையாகப் படித்தவர் முதல் நாளே இதைப் பிடித்திருப்பார்.

புதுமைக்கு ஈடுகொடுப்பதில் இருவரும் சமம்தான். வலைத்தள வருகையை அளக்கும் கூகுளின் யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் தரவு சேகரிப்பதை நிறுத்தத் தொடங்கி, ஜிஏ4 (கூகுள் அனலிடிக்ஸ் 4) அந்த இடத்துக்கு வந்தது. பழைய பாடத்திட்டத்தில் படித்தவரும், பழைய வீடியோக்களைப் பார்த்துக் கற்றவரும் அன்று ஒரே படகில்தான் இருந்தார்கள்.

பல நிறுவனங்களுக்கு விளம்பரம் நடத்தும் ஏஜென்சியில் பழகியவர் மூன்றாவது ரகம். பல விளம்பரக் கணக்குகளைப் பார்த்திருப்பார், ஆனால் பெரும்பாலும் தன் பங்கு வேலையை மட்டும். லேண்டிங் பேஜில் ஒரு வரி மாற்றச் சொன்னால் "அது டிசைன் டீமில்" என்பார்.

விளம்பரம், எழுத்து, எஸ்இஓ (தேடல் முடிவில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவருவது), மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே ஆள் இழுக்க வேண்டிய சின்ன நிறுவனம் என்றால் தானே கற்றவரை எடுப்பேன். டீம் இருக்கிறது, பட்ஜெட் பெரியது, மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் முறையாகப் படித்தவரை.

யாராக இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். நன்றாக ஓடிய ஒரு வாரத்தை மட்டும் வெட்டி எடுப்பது எளிது. அவருடைய சொந்த விளம்பரக் கணக்கில் சேஞ்ச் ஹிஸ்டரியைத் திறக்கச் சொல்லுங்கள். கடந்த 2 ஆண்டு வரை என்ன மாற்றினார், எப்போது மாற்றினார் என்று அதில் இருக்கும். ஒருவர் கணக்கில் மூன்று வாரம் எதுவுமே மாறவில்லை. ஏன் என்று கேட்டேன். "கன்வெர்ஷன் ரொம்பக் குறைவு சார், கை வைத்தால் எதனால் மாறியது என்றே தெரியாமல் போய்விடும்" என்றார். அவரைத்தான் எடுத்தோம். சான்றிதழ் இருந்ததா என்று இப்போது நினைவில்லை.