மூன்று மொழிக்கு ஒரு எடிட்டர்: கன்ட்ரோலா, ஈமேக்ஸா, விம்மா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து டிடிபி கடைகளில் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஒரே நோட்டீஸில் வரும். அங்கே குறுக்குவிசையை (ஒரு வேலையைச் சட்டென முடிக்க அழுத்தும் விசைக் கூட்டை) தேர்ந்தெடுக்க ஒரே சோதனை போதும்: விசைப்பலகை தமிழில் இருக்கும்போதும் அது வேலை செய்கிறதா?

நோட்பேட்++, விஎஸ் கோடு, வேர்டு எல்லாம் கன்ட்ரோல் வழி: கன்ட்ரோல் விசையோடு ஒரு எழுத்து. காப்பிக்கு ‘சி’ சரி. பேஸ்டுக்கு ‘வி’ எந்தச் சொல்லின் முதலெழுத்து? எதுவும் இல்லை. ‘சி’க்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இசட், எக்ஸ், சி, வி விசைகள் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகையில் ஔ, ஓ, ஒ, வ ஆகிவிடும். ஆனாலும் விண்டோஸ் தரும் தமிழ்ப் பலகையில் கன்ட்ரோலோடு அழுத்தினால் பழைய வேலையே நடக்கும். விரலுக்கு இடம்தான் நினைவிருக்கிறது, எழுத்து அல்ல.

ஈமேக்ஸ் என்ற எடிட்டர் நேர்மாறு. முன்னே போக எஃப், பின்னே வர பி (B), அடுத்த வரிக்கு என், எல்லாம் கன்ட்ரோலோடு: ஆங்கிலச் சொல்லை மனசில் சொல்லிக்கொண்டே தட்ட வேண்டும். கன்ட்ரோல்+எக்ஸ் அடித்துவிட்டுத் தனியாக ‘பி’ தட்டும் கட்டளையில்தான் சிக்கல். கணினியே தமிழ்99-இல் இருந்தால் அந்த ‘பி’ ‘ங’வாகப் போய்ச் சேரும், கட்டளை நடக்காது. ஈமேக்ஸின் சொந்தத் தமிழ் உள்ளீட்டை கன்ட்ரோல்+\ போட்டு இயக்கினால் கட்டளையின் நடுவில் அது தலையிடாது.

விம் என்ற எடிட்டர் இன்னும் மோசமாக மாட்டும். அதில் தட்டச்சு நிலைக்கு வெளியே தனி எழுத்தே கட்டளை: எச், ஜே, கே, எல் கர்சரை நகர்த்த. விம்முக்கு முன்னோடியான ‘விஐ’யை 1976-இல் பில் ஜாய் எழுதிய டெர்மினலின் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவியின்) பலகையில் அம்புக்குறிகள் அந்த விசைகளில்தான் அச்சிடப்பட்டிருந்தன. தமிழ்99-இல் அவை க, ப, ம, த. எஸ்கேப் அடித்துத் தட்டச்சு நிலையை விட்டு வெளியே வந்து ‘ஜே’ தட்டினால் விம்முக்குப் போவது ‘ப’, கர்சர் அசையாது. கணினியை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, விம்முக்குள் தமிழ் கீமேப் கோப்பை (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியலை) ஏற்றுங்கள். அது தட்டச்சு நிலையில் மட்டும் செயல்படும். மொழி மாற்ற கன்ட்ரோல்+6. இதைச் செய்துவிட்டால் நீளமான கட்டுரையைத் திருத்த விம்மை அடிக்க ஆளில்லை. கடைக்கு கன்ட்ரோல் வழியே போதும்.

மொழி மாற்றும் விசைதான் எல்லோரையும் படுத்துவது. மூன்று மொழி இருந்தால் விண்டோஸ்+ஸ்பேஸ் சுற்றிச் சுற்றி வரும். தமிழுக்குப் பதில் மலையாளத்தில் ஒரு வரி போன பிறகுதான் தெரியும். ‘அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்’ உள்ளே ‘இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்’ போய், இடது ஆல்ட்+ஷிஃப்ட்+1 ஆங்கிலம், 2 தமிழ், 3 மலையாளம் என்று நேரடியாக வைத்துவிடுங்கள். லினக்ஸில் கன்ட்ரோல்+ஸ்பேஸை இதற்குக் கொடுக்காதீர்கள். ஈமேக்ஸில் பகுதி குறிக்கவும் விஎஸ் கோடில் பரிந்துரை வரவும் அதுவே விசை.

சொந்தமாக விசை வைப்பவர்கள் கன்ட்ரோல்+ஆல்ட்டைத் தவிர்ப்பது நல்லது. வலது ஆல்ட் கூடுதல் எழுத்து தரும் பலகைகளில் விண்டோஸுக்கு அதுவும் வலது ஆல்ட்டும் ஒன்றுதான். ‘இங்கிலீஷ் இந்தியா’ பலகையில் அதோடு 4 தட்டினால் ₹. அங்கே வேறு கட்டளை வைத்தால் இரண்டில் ஒன்று மற்றதை விழுங்கிவிடும்.