வாய்க்கால் கரைக்கு ஹைப்ரிட் சைக்கிள்: உடைமுள்ளுக்குத் தாங்குமா?

திருநெல்வேலியிலிருந்து மேலப்பாளையம், தருவை, கோபாலசமுத்திரம், பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவி போய்த் திரும்ப ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அப்பாவும் ஒன்பதாவது படிக்கிற மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாக ஓட்ட இதைவிடத் தோதான தூரம் கிடையாது. பெரும்பாலும் தார் ரோடு. ஆசைப்பட்டால் கொஞ்சம் கன்னடியன் கால்வாய்க் கரை மண்பாதை. இதற்கு 15,000 ரூபாயை ஒட்டி விற்கிற ஹைப்ரிட் சைக்கிள், அதாவது ரேஸ் சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்டது, சரிப்படுமா என்றால், சரிப்படும். கடையில் இறக்கிக் கொடுத்தபடியே ஓட்டினால் சரிப்படாது.

டயரின் பக்கவாட்டில் 700-38 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 38 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 25, 28 எல்லாம் ரேஸ் டயர். கரை மணலில் புதையும், கை எலும்பு அதிரும். குமிழ் வைத்த மலை சைக்கிள் டயரோ தார் ரோட்டில் இழுத்துப் பிடிக்கும், பத்தமடை வருமுன்பே பிள்ளைக்குத் தொடை கடுக்கும். 38 டயருக்குக் காற்றழுத்தம், 70 கிலோ ஆளானால் பின்னால் 55, முன்னால் 50 பிஎஸ்ஐ. 45 கிலோ பிள்ளைக்கு இரண்டிலும் பத்துப் பத்துக் குறைத்தால் போதும். எதுவானாலும் டயரில் அச்சிட்டிருக்கிற அளவைத் தாண்டக்கூடாது.

இனி முள். குளத்தங்கரை, வாய்க்கால் கரை எங்கும் உடைமரமும் சீமைக்கருவேலமும்தான். காய்ந்த முள் ஆணி மாதிரி இறங்கும். கம்பெனி டயர் மட்டும் இதற்குத் தாங்காது. டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே லைனர் பட்டை போடுங்கள். அது கிடைக்காவிட்டால் பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி உள்ளே விரித்துத் தரச் சொன்னால் சைக்கிள் கடையில் செய்து தருவார்கள். சக்கரம் கொஞ்சம் கனக்கும், ஆனால் இந்த ஊருக்கு அந்தக் கனம் தகும். பஞ்சர் திரவம் ஊற்றுவதும் நல்ல வழிதான், ஒரு சக்கரத்துக்கு 120 மில்லி. ஆனால் அது அடைக்காமல் விட்ட ஓட்டையில் ஒட்டுப் போடுவது பெரும்பாடு. திரவத்தைத் துடைத்து நன்றாகக் காயவைக்காவிட்டால் ஒட்டுப் பிடிக்காது.

பஞ்சர் ஒட்டிய அரை மணி நேரத்தில் மறுபடியும் காற்று இறங்கினால், ஒட்டுப் போட்டவரைக் குறை சொல்லுமுன் டயரைப் பாருங்கள். முள்ளின் நுனி உடைந்து உள்ளேயே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பழைய பருத்தித் துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் ஒரு சுற்றுத் தேய்த்தால் நுனி துணியில் மாட்டும். விரலால் தடவாதீர்கள். சொல்யூஷன் தடவியபின் ஐந்து நிமிடம் பொறுத்து, தொட்டால் கையில் ஒட்டாத பதத்தில்தான் ஒட்டுப் போட வேண்டும். அவசரப்பட்டால் வெயிலில் பெயர்ந்துவிடும்.

அடுத்த சிக்கல் வால்வு. ஊர்க் கடைகளில் இருக்கிற கைப்பம்பு சின்ன ரப்பர் குழாய் மாட்டுகிற பழைய வால்டியூப் வால்வுக்கானது. ஹைப்ரிட்டில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் வால்வுதான் வரும், அதற்கு அந்தப் பம்பு பொருந்தாது. பெட்ரோல் பங்கில் அடிக்கலாம், ஆனால் சைக்கிள் ட்யூபில் காற்றின் அளவு சிறிது. ஒரே அழுத்தில் ஏறிவிடும், விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒரு சிறு கைப்பம்பும் மாற்று ட்யூபும் கூடவே இருக்கட்டும்.

கியரைப் பொறுத்தவரை முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஏழு, அது போதும். 21 கியருக்கு இங்கே மேடு கிடையாது. கியர் உதவுவது காற்றுக்குத்தான். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வருகிற மேல்காத்து முகத்திலேயே அறையும். காலையில் ஆறு மணிக்குள் மேற்கே பார்த்துக் கிளம்பிவிட்டால், திரும்பும்போது, வெயில் ஏறிக் காற்று வலுத்தாலும் அது முதுகில் இருக்கும். எதிர்க்காற்றில் அப்பா முன்னால் போக, மகள் ஒரு சைக்கிள் நீளம் விட்டுப் பின்னால் வந்தால் அவளுக்குச் சுமை குறையும். ஆனால் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தை உரசக்கூடாது. உரசினால் விழுவது பின்னால் வருபவர்தான். பஸ்கள் வேகமாகப் போகிற ரோடு, இணையாக ஓட்டிக்கொண்டு பேசுவதைக் கரைப் பாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செயின் கவர் இல்லாததுதான் இந்தச் சைக்கிளின் பெரிய குறை. சுடிதார் பேண்ட் மாட்டும், கிழியும், ஆளையும் சாய்க்கும். கவர் போடச் சொல்லுங்கள். அதுவரை வலது கால் பேண்ட்டை ரப்பர் பட்டையால் கட்ட வேண்டும், ஷால் வேண்டவே வேண்டாம். மட்கார்டும் தனியாகத்தான் வாங்க வேண்டும். இல்லையென்றால் ஈரக் கரையில் சேறு முதுகு முழுக்கக் கோடு போடும். பிரேக்கில், சக்கரத்தின் நடுவே இருக்கிற தட்டைப் பிடிக்கிற டிஸ்க்கைவிட ரிம்மைப் பிடிக்கிற வி-பிரேக்கே மேல். அதன் கட்டை சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

ஒரே சைக்கிளை இரண்டு பேரும் மாற்றி ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். மிதிகட்டை கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகால் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சீட் உயரம். அந்த உயரத்தில் வைத்தும் சீட்டுக் கம்பியின் எல்லைக் கோடு வெளியே தெரிந்தால் பிரேம் சிறிது.

நிழலில் கீழே சாய்த்துப் படுக்க வைப்பதானால் இடது பக்கமாக வையுங்கள். வலது பக்கம்தான் கியர் தொங்குகிறது. அது வளைந்தால் செயின் கம்பிகளுக்குள் பாயும். வீடு வந்ததும் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தலை மட்டும் தெரிகிற முள் இரண்டொன்று இருக்கும். அப்போதே குறடால் பிடுங்கிவிட்டால் அது ட்யூபைத் தொடாது; விட்டால் அடுத்த ஓட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும்.