ஜான்சனும் நிக்சனும்: உள்நாட்டு முடிவுகளுக்கு வெளிநாட்டில் கொடுத்த விலை

லிண்டன் ஜான்சன் உள்நாட்டில் சாதித்து வெளிநாட்டில் சறுக்கியவர், ரிச்சர்ட் நிக்சன் வெளிநாட்டில் சாதித்து உள்நாட்டில் சறுக்கியவர் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1963 நவம்பர் முதல் 1974 ஆகஸ்ட் வரை அடுத்தடுத்து அமெரிக்காவை ஆண்ட இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தக் கணிப்பு பாதிதான் சரி என்பது விளங்கும். இருவராலும் உள்நாட்டையும் வெளியுலகையும் தனித்தனியாகப் பிரித்து ஆள முடியவில்லை. ஓரிடத்தில் எடுத்த முடிவு மற்ற இடத்தை உலுக்கியது.

முதலில் உள்நாடு. ஜான்சன் ஆறு ஆண்டுகள் செனட் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தவர். எந்த உறுப்பினருக்கு எது தேவை, யார் எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பார் என்பது அவருக்கு அத்துப்படி. இனப்பாகுபாட்டைத் தடை செய்யும் குடிமை உரிமைச் சட்ட மசோதாவைத் தென்மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே சாகடிக்கப் பார்த்தபோது, இரண்டு மாதங்களுக்கும் மேல் நீண்ட அந்த விவாதத்தை முடித்துவைக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டியிருந்தன. தன் சொந்தக் கட்சியே பிளவுபட்டிருந்ததால், குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சனுக்குப் பெருமை போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை என்று அவரை முன்னே நிறுத்தினார் ஜான்சன். 1964 ஜூன் 10 அன்று மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த கலிபோர்னியா உறுப்பினர் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் அவைக்குக் கொண்டுவரப்பட்டார். பெயர் அழைக்கப்பட்டதும் மெல்லக் கையை உயர்த்தித் தன் கண்ணைச் சுட்டிக்காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் ஆதரவு வாக்குக்கும் 'ஐ' என்பதே ஒலி. விவாதத்தை முடிக்க 71 பேர் ஆதரவு, 29 பேர் எதிர்ப்பு. அடுத்த மாதமே எங்கிள் இறந்துபோனார்.

அந்தச் சட்டத்தின் பலம் அதன் அமலாக்கத்தில் தெரிந்தது. 1965இல் முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீடு வந்தபோது, இனப்பாகுபாடு காட்டும் மருத்துவமனைக்கு அந்தப் பணம் கிடைக்காது என்று அரசு கறாராக நின்றது. பல தலைமுறைகளாகக் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு வைத்திருந்த தென்மாநில மருத்துவமனைகளில் பெரும்பாலானவை சில மாதங்களுக்குள் வழிக்கு வந்தன. அதே ஆண்டு வந்த வாக்குரிமைச் சட்டத்துக்குப் பின், மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பினத்தவரில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்களின் பங்கு 7 சதவீதத்துக்கும் கீழிருந்து 1967க்குள் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தொட்டது. ஓர் ஆட்சி மக்களுக்குச் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரியது என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

நிக்சனின் உள்நாட்டுப் பட்டியலும் சிறியதல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970 டிசம்பரில் தோன்றியது. அம்மாத இறுதியில் தூய காற்றுச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். ஆயினும் இரு அவைகளும் எதிர்க்கட்சியின் கையில் இருந்தன என்பதையும், அந்த ஏப்ரலில் முதல் புவி தினத்துக்காக இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும். 1972இல் தூய நீர்ச் சட்டத்தை அவர் வீட்டோ செய்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தத் தடையை முறியடித்து அதைச் சட்டமாக்கியது. அவருடைய சொந்த யோசனை என்று சொல்லத்தக்கது ஏழைக் குடும்பங்களுக்கு அடிப்படை வருமானம் தரும் திட்டம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,600 டாலர் என்ற அந்தத் திட்டம் கீழவையைத் தாண்டி செனட்டில் முடங்கியது. ஜான்சனாக இருந்தால் அதை அவ்வளவு எளிதில் விட்டிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. உள்நாட்டைப் பொறுத்தவரை இருவருக்கும் இடையே போட்டியே இல்லை.

வியட்நாமில் இருவருமே தோற்றார்கள். தோற்ற விதம் வேறு. 1964 ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாவில் இரண்டாம் முறையாகத் தாக்குதல் நடந்தது என்று சொல்லி ஜான்சன் போருக்கான அதிகாரத்தைப் பெற்றார்; அப்படியொரு தாக்குதலே நடக்கவில்லை என்று பிற்காலத்தில் வெளிவந்த அரசு ஆவணங்களே காட்டின. 1968க்குள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே இருந்தார்கள். போர்ச்செலவை ஈடுகட்ட 10 சதவீத வருமான வரி உயர்வை அவர் கேட்டபோது, நிதி மசோதாக்களைக் கையில் வைத்திருந்த வில்பர் மில்ஸ், 600 கோடி டாலர் செலவுக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டால்தான் வரி என்றார். வறுமை ஒழிப்புக்காகத் தான் கட்டியதைத் தன் போருக்காகத் தானே சுருக்க வேண்டிய நிலைக்கு ஜான்சன் வந்து சேர்ந்தார். நிக்சன் படைகளைத் திரும்ப அழைத்தபடியே, 1969 மார்ச் முதல் கம்போடியா மீது மக்களுக்குத் தெரியாமல் குண்டு வீசினார். அவர் காலத்தில் மட்டும் ஏறத்தாழ 21,000 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். போர் தொடுக்கும் அதிபரின் கையைக் கட்ட 1973இல் காங்கிரஸ் அவருடைய வீட்டோவையும் மீறிச் சட்டம் இயற்றியது.

வியட்நாமுக்கு அப்பால் நிக்சனின் வீச்சு பெரிது. 1972 பிப்ரவரியில் பெய்ஜிங், மே மாதம் மாஸ்கோவில் அணு ஆயுதக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை என்று ஒரே ஆண்டில் பனிப்போரின் போக்கையே மாற்றினார். ஜான்சனிடம் அந்தத் தொலைநோக்கு இல்லை. ஆனால் சீனாவுக்கான வழி பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் மூலமாகப் போனது. அந்த யாஹ்யாவின் படை 1971இல் கிழக்கு வங்காளத்தில் (இன்றைய வங்கதேசம்) மக்களைக் கொன்று குவித்தபோது, டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவர் ஆர்ச்சர் பிளட் தன் அரசின் மௌனத்தைக் கண்டித்துத் தந்தி அனுப்பினார். பிளட் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில், இந்தியா-பாகிஸ்தான் போரின்போது, அமெரிக்காவின் 'என்டர்பிரைஸ்' போர்க்கப்பல் வங்கக் கடலுக்கு அனுப்பப்பட்டதை இந்தியாவில் அந்தத் தலைமுறையினர் மறக்கவில்லை. பெய்ஜிங் பயணத்தைப் பாராட்டும்போது டாக்காவில் சிந்திய இரத்தத்தை ஒதுக்கிவைப்பது நியாயமாகாது.

இருவரும் எடுத்தவற்றில் நெடுங்காலம் நீடித்த இரண்டு முடிவுகள் உள்நாட்டு விவகாரமாகவே தொடங்கின. 1965 அக்டோபரில் சுதந்திர தேவி சிலையின் அடியில் ஜான்சன் கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டம், இந்தியருக்கு ஆண்டுக்கு 100 இடம் என்றிருந்த பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை ஒழித்தது. இன்று ஹூஸ்டனிலும் நியூஜெர்சியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் போனது அந்தக் கதவு வழியாகத்தான். இது புரட்சிகரமான சட்டமல்ல என்று அன்று ஜான்சன் சொன்னார். 1971 ஆகஸ்ட் 15, ஞாயிறு இரவு, விலைவாசிக்கும் ஊதியத்துக்கும் 90 நாள் கட்டுப்பாடு போட்ட அதே உரையில், அயல்நாட்டு மத்திய வங்கிகளிடமுள்ள டாலருக்கு அவுன்ஸ் 35 டாலர் விலையில் தங்கம் தருவதைத் தற்காலிகமாக நிறுத்துவதாக நிக்சன் அறிவித்தார். அது மீண்டும் தொடங்கவே இல்லை.