மணமூட்டிய சாஃப்ட் பெய்ட்: உப்பங்கழியில் நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

முட்டுக்காடு, எண்ணூர், பழவேற்காடு பக்கம் லூர் (செயற்கை இரை) போட்டு மீன் பிடிக்கிறவர்களின் பையில் மணமூட்டிய சாஃப்ட் பெய்ட், அதாவது மென்மையான ரப்பர் இரை, ஒரு பாக்கெட்டாவது கிடக்கும். வாசனைக்கு எங்கிருந்தோ மீன் தேடி வரும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். கடித்த மீன் துப்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருக்கும், அதுதான் மணத்தின் பலன். காசு அதற்குத்தான் கொடுக்கிறோம்.

கொடுவா தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும் மீன். தூண்டில் ராடில் 'டொப்' என்று ஒரு தட்டு வரும்போது லூர் முழுசாக வாய்க்குள் போயிருக்கும். வெறும் ரப்பர் என்றால் நாம் ராடைத் தூக்குவதற்குள் வெளியே தள்ளிவிடும். உப்பும் மணமும் ஏறியதை மறுபடி ஒரு முறை அமுக்கிப் பார்க்கும், அந்த இடைவெளியில் தூண்டில் முள்ளைப் பதிக்கலாம். வேகமாகச் சுற்றி இழுக்கும்போது இந்த வித்தியாசமே தெரியாது. பாறை மீனைத் துரத்தவைத்து அடிக்கவைக்க மணமில்லாத, விலை குறைந்த ரப்பரே போதும். ஏரியில் விராலுக்குத் தவளை லூர் மேலாக ஓட்டும்போதும் வாசனைக்கு வேலை இல்லை. பாலத் தூண் ஓரம், கற்குவியல், அலையாத்தி வேர் போன்ற இடங்களில் அடியில் மெதுவாக நகர்த்தும்போதும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தண்ணீர் கலங்கிக் கிடக்கும்போதும், இரவிலும்தான் மணமூட்டியது தன் விலைக்கு ஈடு கொடுக்கிறது.

கடையில் கிடைப்பவை மூன்று ரகம். முதலாவது பிவிசி ரப்பரிலேயே மணம் கலந்து வார்த்தது. 1988இல் வந்த பெர்க்லி பவர்பெய்ட் இந்த ரகம். வால் நன்றாக ஆடும், பராமரிப்பு குறைவு. இரண்டாவது கல்ப் போன்ற நீர் அடிப்படையிலானது. பாக்கெட்டிலேயே திரவத்தில் ஊறிக் கிடக்கும். மீன் மூக்கு எண்ணெயை விடத் தண்ணீரில் கரையும் அமினோ அமிலங்களைத்தான் நன்றாக உணரும். அதனால் நிறுத்தி நிறுத்திப் போடும் மீன்பிடிப்புக்கு மூன்றிலும் இதுவே சிறந்தது என்பது என் கணிப்பு. மூன்றாவது டிபிஇ என்கிற, ரப்பர் போல இழுபடும் பொருளில் செய்தது. இசட்மேன் எலாஸ்டெக் போல. நீட்டினால் பல மடங்கு நீளும், லேசில் கிழியாது, தண்ணீரில் மிதக்கும். மணம் இதில் ஏறுவது குறைவு, மேலே பூசிக்கொள்ள வேண்டும்.

நீர் அடிப்படை ரகத்துக்கு வெயில்தான் எதிரி. மதிய வெயிலில் இடம் மாறும்போது ராடில் மாட்டியபடி விட்டால், அரை மணி நேரத்தில் சுருங்க ஆரம்பிக்கும். முழுசாகக் காய்ந்தால் முள்ளைச் சுற்றிக் கல்லாக இறுகி, கத்தியால் செதுக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பாதி காய்ந்ததைத் திரவத்தில் போட்டால் ஓரளவு ஊறி வரும், முழுசாகக் காய்ந்தது பழைய மென்மைக்கு வராது. காஸ்ட் செய்யாத (தண்ணீரில் வீசாத) நேரத்தில் ஈரத்துணியால் சுற்றி வையுங்கள், அல்லது கழற்றித் திரும்ப பாக்கெட்டில் போடுங்கள். ஜிப் பாக்கெட் கசியும். அந்தத் திரவம் பைக்குள் ஊற்றினால் நாற்றம் நாள்கணக்கில் போகாது, பக்கத்தில் கிடக்கும் முள்ளும் துருப்பிடிக்கும். அகலவாய் மூடி போட்ட ஊறுகாய் டப்பாவுக்கு மாற்றி, நிமிர்த்தி வைப்பதே நல்லது.

ரகங்களைக் கலந்து வைக்கவே கூடாது. டிபிஇயும் பிவிசியும் ஒரே அறையில் தொட்டுக்கொண்டு கிடந்தால் இரண்டும் உருகிப் பிசினாகிவிடும். பிவிசி ரப்பரை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் மெல்ல வெளியேறிப் போவதுதான் காரணம். மலிவான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிகளையும் அது தின்றுவிடும். அடர்நிறமும் வெளிர்நிறமும் சேர்ந்திருந்தால் சாயம் ஏறும். எனவே டப்பாவுக்கு மாற்றிய நீர் அடிப்படை ரகம் தவிர, மற்றதெல்லாம் அதனதன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டு வால் மடங்கிப்போன பிவிசி பெய்ட்டைச் சூடான தண்ணீரில் சில நொடிகள் முக்கி, வாலை நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் பழைய வடிவம் வந்துவிடும். நீர் அடிப்படை ரகத்தில் இதைச் செய்யாதீர்கள்.

மணத்தைக் குறை சொல்லும் முன் முள் கோத்ததைப் பாருங்கள். மீன் கடிக்காததற்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கிறது. 3 முதல் 4 அங்குல பேடில் டெயிலுக்கு (துடுப்பு வால் பெய்ட்) 3/0 அளவு முள், 7 முதல் 14 கிராம் ஜிக் ஹெட் (முள்ளோடு சேர்ந்த ஈயத் தலை). தண்ணீர் இழுப்பு அதிகமானால் கனத்தைக் கூட்டலாம், ஆனால் அடியை லேசாகத் தொடும் அளவே போதும். முதலில் ஜிக்கைப் பெய்ட்டின் பக்கவாட்டில் வைத்து, முள் முதுகில் வெளிவர வேண்டிய இடத்தை நகத்தால் அடையாளம் செய்யுங்கள். மூக்கின் நட்டநடுவில் குத்தி, உடலின் நடுக்கோட்டிலேயே வளைத்துக் கொண்டுபோய், அடையாளத்தில் வெளியே எடுங்கள். உடல் எங்கும் சுருங்கவோ இழுபடவோ கூடாது. கரையோரம் காலடித் தண்ணீரில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பெய்ட் சுழன்றால் கோத்தது கோணல். அப்படியே போட்டால் பிரெய்டு (பின்னல் நரம்பு) முறுக்கேறும், மீனும் நம்பாது. பிவிசி என்றால் ஜிக் கழுத்தில் ஒரு சொட்டு சூப்பர் குளூ போதும், டிபிஇக்கு ஜெல் வகை. ஈரமான நீர் அடிப்படை ரகத்தில் குளூ நிற்காது, பிடிப்பு முள் உள்ள ஜிக்கே வேண்டும்.

லீடர் (பிரெய்டின் நுனியில் கட்டும் தடித்த நரம்பு) 30 முதல் 40 பவுண்டு தாங்குவது. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி, அதில் மெல்லிய நரம்பு நிற்காது. ராடைத் தூக்கி, பெய்ட்டை அடிக்கு இறங்கவிட்டு, 3 முதல் 5 நொடி அப்படியே விடுங்கள். கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும், அதனால் நரம்பைத் தொங்கவிடக் கூடாது.

கை வாசனையும் கவனிக்க வேண்டியது. பெட்ரோல், சன்ஸ்கிரீன், சோப்பு எதுவும் பெய்ட்டில் படக் கூடாது. அலையாத்திக் காட்டு ஓரம் மாலையில் கொசு பிய்க்கும். டீட் என்கிற ரசாயனம் உள்ள கொசு விரட்டி சில வகை பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அதைப் புறங்கையால் தடவிக்கொண்டு, விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே பூச வீட்டிலேயே செய்யலாம். சென்னாக்கூனியைப் பொடித்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், கொஞ்சம் கல்லுப்பு, நசுக்கிய இரண்டு பல் பூண்டு சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். டிபிஇ பெய்ட்டைக் கிளம்பும் முன் அதில் போட்டு வைத்தால் போதும். தண்ணீரில் சீக்கிரம் கழுவிப்போகும் என்பதால் சில காஸ்ட்டுக்கு ஒரு முறை மறுபடி முக்க வேண்டும். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள், நம் வெயிலில் கெட்டுவிடும்.

மணத்துக்கு ஆசைப்பட்டு வருவதில் வேண்டாததும் உண்டு. அடியில் அதிக நேரம் விட்டால் நண்டும் கெளுத்தியும் வரும். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத் துடுப்பிலும் உள்ள முட்கள் விஷம் உள்ளவை, கையால் பிடிக்காமல் பிளையரால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். பேத்தை (பஃபர் மீன்) வந்தால் பிவிசி வால் பிறை வடிவத்தில் வெட்டுப்படும். டிபிஇ கொஞ்சம் தாங்கும், ஆனால் அதையும் நறுக்கென்று வெட்டும் பல் பேத்தைக்கு உண்டு. இரண்டாவது வால் போனதும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள், மிச்ச பாக்கெட்டாவது தப்பும். அறுந்த ரப்பர் துண்டுகளைத் தண்ணீரில் எறியாமல் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மீன் விழுங்கினால் வயிற்றிலேயே தங்கிவிடும்.