ரோட்டரி டேபிளின் தளர்வு: வார்மை நெருக்குவதா, ஒரே திசையில் சுற்றுவதா?

ரோட்டரி டேபிள் என்பது மில்லிங் இயந்திரத்தில் வேலைப்பொருளைத் தாங்கிச் சுற்றும் மேசை. கைப்பிடியைத் திருப்பினாலும் டேபிள் உடனே நகராவிட்டால், சிங்கப்பூரின் துவாஸ், ஊபி பட்டறைகளில் பலரும் முதலில் வார்மின் (கைப்பிடியோடு சுழன்று டேபிளின் பற்சக்கரத்தை நகர்த்தும் திருகுத் தண்டு) எக்சென்ட்ரிக் ஸ்லீவைத்தான் (திருப்பினால் வார்மைப் பற்களோடு நெருக்கும் உறை) தேடுவார்கள். அவசரம் வேண்டாம்.

துளைகள் மட்டும் போடுவதென்றால் ஒரே திசையில் சுற்றுவதே போதும். குறியைத் தாண்டிவிட்டால் கைப்பிடியில் அரைச் சுற்று பின்னே போய், மறுபடி முன்னோக்கி வந்து குறியில் நிறுத்திப் பூட்டுங்கள். செலவில்லை, எதையும் கழற்றவும் வேண்டாம்.

டேபிளைச் சுற்றியபடியே வளைவு வெட்டும்போது இந்த வித்தை பலிக்காது. கட்டர் வேலைப்பொருளைத் தன் பக்கம் இழுத்தால் தளர்வு முழுவதும் ஒரே நொடியில் பாயும், கட்டர் உடையும். 100 மி.மீ. ஆரத்தில் 1 நிமிடக் கோணமே (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) சுமார் 0.03 மி.மீ. பிழை. இங்கே ஸ்லீவைத் திருப்பி வார்மை நெருக்கத்தான் வேண்டும்.

அதற்கு முன் கைப்பிடித் தண்டை முன்னும் பின்னும் இழுத்து டயல் கேஜில் (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவி) பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் குற்றவாளி தண்டின் நட்டுதான். அதை விட்டுவிட்டு ஸ்லீவை இறுக்கினால் பல்லைத் தின்னும். அடுத்து, டேபிளை முழுச் சுற்று சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் வைத்து நெருக்குங்கள். தேய்ந்த இடத்தில் வைத்து நெருக்கினால் தேயாத பற்களில் சிக்கும்; பழைய டேபிளில் கொஞ்சம் தளர்வு மிஞ்சத்தான் செய்யும்.

இன்னொன்று: கூலன்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்பு நீர்மம்) உள்ளே கசிந்தால் எண்ணெய் பால்போல வெளுக்கும். அதை மாற்றாமல் நெருக்குவது வீண்.